மலைநாடு தந்த திரைக்கதாசிரியர்

கல்லூரி மலர்களிலே வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணி, நிருவாக உத்தியோகத்தர் ஆகியோரின் வரலாறுகள் இடம்பெறுவது வழக்கம். பழைய மாணவருள் அத்தகையோர் பலர் உளராதலின் அது பொருத்தமே. ஆயின், திரைக்கும் தொலைக்காட்சிக்கும் கதையும் உரையாடலும் எழுதுகின்ற ஒருவரைப் பற்றி இத்தகைய மலர்களிற் காண்பது அரிது. அதனை ஒரு தொழிலென்று நம் பெற்றோர் கொள்வதில்லை. படம் பார்ப்போர் நடிகரின் பெயரை அறிவர். பாடகரின் பெயரை அறிவர். சிலர் இயக்குநரின் பெயரையும் அறிவர். நடிகர் வாயிலிருந்து வரும் சொற்களை இரவு விழித்திருந்து எழுதியவர் யார் என்று கேட்போர் மிகச் சிலரே.

அத்தொழிலின் இயல்பை விளக்கவும், மலைநாட்டில் அதனை மேற்கொண்ட ஒருவரின் வாழ்வைக் கூறவும் இக்கட்டுரை எழுந்தது. அவர் தெளிவத்தை ஜோசப். 1975ஆம் ஆண்டு வெளிவந்த ‘புதிய காற்று’ என்னும் திரைப்படத்திற்குத் திரைக்கதையும் உரையாடலும் எழுதியவர். அட்டனையும் நுவரெலியாவையும் சார்ந்த நாம், ஊவாப் பக்கத்தவர் ஒருவரை எடுத்துப் பேசுவதேன் என்று சிலர் வினவக்கூடும். லயத்துக் காம்பரா பதுளையிலும் ஒன்றுதான், பொகவந்தலாவையிலும் ஒன்றுதான். கொழுந்துக் கூடையின் பாரமும் மாவட்டத்திற்கு மாவட்டம் மாறுவதில்லை.

1934ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 16ஆந் திகதி, ஹாலிஎலைக்கு அணித்தாயுள்ள ஊவாக் கட்டவளைத் தோட்டத்திலே ஜோசப் பிறந்தார். தந்தையார் தோட்டப் பாடசாலை ஆசிரியர். அக்காலத் தோட்டப் பாடசாலை எத்தகையது என்பதை நம் மூத்த பழைய மாணவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. இளைய மாணவர்க்காகச் சொல்லுவோம். ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், நான்கைந்து வகுப்புகள் ஒரே வேளையில். கொழுந்தெடுக்கத்தக்க வயது வந்ததும் பிள்ளை பள்ளியை விட்டு மலைக்குப் போய்விடும். ஆசிரியரின் மைந்தனாதலின் ஜோசப்பிற்கு அந்நிலை வாய்க்கவில்லை. தந்தையாரிடம் தொடக்கக் கல்வி பெற்றபின் தமிழ்நாட்டிலே கும்பகோணத்திற்குச் சென்று சில ஆண்டுகள் பயின்றார். பின்னர் நாடு திரும்பிப் பதுளையிற் படித்தார். தோட்டத்து மொழியும் தஞ்சை மண்ணின் மொழியும் ஒருங்கே அவர் செவியிற் புகுந்தன. இதனைப் பெரிய பேறென்றே சொல்லுவேன். தன் ஊர்ப் பேச்சு எவ்வாறு ஒலிக்கிறது என்பது வேற்றூரில் வாழ்ந்தவனுக்கன்றோ நன்கு கேட்கும்!

தெளிவத்தை என்னுந் தோட்டத்திலே பணிபுரிந்த காலத்தில் எழுதத் தொடங்கியமையால், அத்தோட்டத்தின் பெயரே அவர் பெயருக்கு முன்னொட்டாயிற்று. வீரகேசரி நாளிதழ் மலையக எழுத்தாளர்க்கென நடாத்திய சிறுகதைப் போட்டிகள் அறுபதுகளிலே பெரியதோர் எழுச்சியை உண்டாக்கின. அப்போட்டிகளிற் பரிசு பெற்றவருள் ஜோசப்பும் ஒருவர். பரிசுக் கதைகள் ‘கதைக்கனிகள்’ என்னும் தொகுப்பாக 1971இல் வெளிவந்தன. அவருடைய முதல் நாவலாகிய ‘காலங்கள் சாவதில்லை’ 1974இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே திரைப்படம்.

சிறுகதையிலே கைதேர்ந்தவர் ஒருவர் திரைக்கு எழுத வரும்போது நிகழ்வது யாது? ஈண்டுச் சற்று நின்று நோக்குதல் வேண்டும்.

கதை எழுதுவோன் பாத்திரத்தின் நெஞ்சினுட் புகுந்து, அவள் இன்னது நினைத்தாள், இன்னதற்கு அஞ்சினாள் என்று எழுதிவிடலாம். திரைக்கதை எழுதுவோனுக்கு அந்த உரிமை இல்லை. கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் ஆகிய இரண்டே அவனுக்குரியன. நினைப்பை ஒரு செய்கையாக மாற்றவேண்டும்; அச்சத்தை ஒரு பொருளின்மேல் ஏற்றவேண்டும். ஒவ்வொரு காட்சிக்கும் இடம் எது, பொழுது எது, யார் உள்ளே வருகின்றனர், என்ன செய்கின்றனர், என்ன பேசுகின்றனர் என்று வகுத்து எழுதிக்கொடுத்தால், இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் அதனைக் கைக்கொண்டு தம் வேலையைத் தொடங்குவர். ஆகவே திரைக்கதை என்பது வீடு கட்டுவோன் கையிலுள்ள வரைபடம் போன்றது. வீடு எழுந்தபின் வரைபடத்தைத் தேடுவார் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு கூறுவேன். இது எவர் படத்திலும் உள்ளதன்று, விளக்கத்திற்காக நானே புனைந்தது. மாலை வேளை. கொழுந்து நிறுக்குமிடம். தராசின் பக்கத்தே கணக்கப்பிள்ளை செக்றோலும் கையுமாக நிற்கிறார். படங்கு சுற்றிய பெண்கள் வரிசையாகக் கூடைகளை இறக்குகின்றனர். ஒருத்தியின் கூடை தராசில் ஏறுகிறது.

“அரைப்பேரு.”

“ஐயா, காலையிலேருந்து மழைங்க. மலையில நிக்கவே முடியலைங்க.”

“எல்லாருக்குந்தான் மழை. அடுத்த ஆளு வா.”

அவள் மேலும் பேசவில்லை. கூடையின் அடியில் ஒட்டியிருந்த நாலைந்து ஈரக் கொழுந்தைத் தட்டி எடுத்துக் குவியலின்மேல் போட்டுவிட்டுப் போகிறாள்.

தோட்டத்தை அறியாதவர்க்கு ‘அரைப்பேர்’ என்பது விளங்காது. தோட்டத்திலே ஒரு நாள் வேலை என்பது ஒரு ‘பேர்’. குறித்த நிறைக்குக் குறைவாகக் கொழுந்து எடுத்தவளுக்கு அரை நாட் சம்பளமே பதியப்படும், அதுவே அரைப்பேர். விடியற்காலை தப்பொலி கேட்டெழுந்து, பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, நாள் முழுதும் சரிவிலே நின்றவளுக்கு, மாலையில் அந்த ஒரு சொல் போதும். கதையாசிரியன் அதன்பின் ஒரு பக்கம் எழுதுவான். திரைக்கதாசிரியனோ அந்த நாலு கொழுந்தை எழுதுவான். அவள் தன் உழைப்பைச் சிந்தவிட மனமில்லாதவள் என்பதை அது சொல்லிவிடும்.

பெரட்டுக்களம், கவ்வாத்து, கான்வெட்டு, கொந்தரப்பு, பீலி, இஸ்தோப்பு, கண்டக்கையா, சின்னதுரை, தவறணை: இவை அகராதியிற் பலவற்றைத் தேடிப் பெறமுடியாத சொற்கள். ஆங்கிலமும் சிங்களமும் போர்த்துக்கேயமும் தென்னாட்டு வழக்கும் நூற்றைம்பது ஆண்டுகளாகக் கலந்து உருவான பேச்சு. இப்பேச்சைச் செவியால் அறிந்தவனே தோட்டத்தைப் பற்றிப் படம் எழுதத் தகுந்தவன். சென்னையிலிருந்து வசனம் வாங்கி ஒட்டினால், கொழுந்துப் பெண் மேடைத் தமிழ் பேசுவாள், பார்ப்போர் சிரிப்பர். அவ்வாறு சிரிக்கவைத்த படங்களும் நம் நாட்டில் உண்டு. பெயர் சொல்ல வேண்டாம்.

நாடகம் என்பது மலைநாட்டார்க்குப் புதிதன்று. மாசி மாதம் வந்தால் காமன் கூத்து. மன்மதன் எரிவதையும் எழுவதையும் காணத் தோட்டமே கண்விழிக்கும். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு முதலியவற்றைக் கூத்து மாஸ்டர்மார் ஏட்டிலும் நாவிலும் வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். எனவே உரையாடலின் தாளம் இவர்க்குப் பிறப்புரிமை. ஆனால் அக்கூத்துகளிலே பேசியோர் தேவரும் அரசருமாவர். லயத்து மனிதன் தன் பேச்சிலே தன் துன்பத்தைச் சொல்லும் நாடகம் பிற்காலத்தது.

இனி, படத்தின் காலப் பின்னணியைக் காண்போம். இலங்கையில் தமிழ்ப்படம் எடுக்கும் முயற்சி 1962இல் ‘சமுதாயம்’ என்னும் 16 மில்லிமீற்றர்ப் படத்தோடு தொடங்கியது. அடுத்த ஆண்டு வெளிவந்த ‘தோட்டக்காரி’ முழு அளவுச் சுருளில் எடுக்கப்பட்டது; பெயரே அதன் களத்தைக் கூறும். நம் நாட்டுத் தமிழ்ப்படத்தின் தொடக்கமே தேயிலை மலையோடு தொடர்புற்றது என்பது பலர் மறந்த செய்தி. அதன்பின் வந்தவற்றுட் பல தென்னிந்தியப் படங்களின் சாயலிலே அமைந்தன. தென்னிந்தியப் படங்கள் கொட்டகைகளிற் குவிந்திருந்த வேளையில் உள்ளூர்ப் படத்திற்கு இடமேது? 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இறக்குமதியைத் தன் கைக்குள் கொண்டுவந்தபின் உள்ளூர் முயற்சிகளுக்குச் சிறிது மூச்சுவிட முடிந்தது.

தொழிற்சங்கத் துறையிலே பெயர்பெற்ற வி. பி. கணேசன் அக்காலத்தில் ‘புதிய காற்று’ படத்தைத் தயாரித்துத் தாமே கதாநாயகனாகவும் நடித்தார். இயக்கியவர் எஸ். இராமநாதன். எழுத்து வேலைக்கு ஜோசப் அழைக்கப்பட்டார். தொழிலாளர் தலைவர் ஒருவர் படம் எடுக்க முன்வந்ததும், அதற்குத் தோட்டத்திற் பிறந்த எழுத்தாளர் ஒருவரைத் தேடிக்கொண்டதும் தற்செயலன்று என்பது என் கருத்து. தோட்டத்தைப் பின்னணித் திரையாக மட்டும் கொள்ளாமல், தோட்ட மக்களின் வாழ்க்கையையே பொருளாகக் கொள்ள முற்பட்ட படம் அது. கணேசன் பின்னர் ‘நான் உங்கள் தோழன்’ (1978), ‘நாடு போற்ற வாழ்க’ (1981) என மேலும் இரு படங்களைத் தந்தார்.

1975 என்ற ஆண்டை நினைவிற் கொள்ளுங்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகிய மக்கள். 1964ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அட்டன் புகையிரத நிலையத்திலே தலைமன்னாருக்குப் புறப்படும் கோச்சியில் ஏறியோரும் மேடையில் நின்றோரும் அழுத அழுகை இன்னும் நம் முதியோர் காதிலிருந்து நீங்கவில்லை. 1973, 1974 ஆகிய ஆண்டுகளிலே தோட்டங்களைப் பஞ்சம் வாட்டியது. பட்டினியால் மாண்டோர் உண்டு. 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தத்தைத் தொடர்ந்து 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின, துரைமார் மாறினர். இத்தனைக்கும் நடுவில், கொட்டகையின் இருட்டிலே அமர்ந்து, திரையில் தன்னைப் போன்ற ஒருவன் தன்னைப் போலப் பேசுவதைத் தோட்டத்து மனிதன் கேட்பது சிறிய காரியமா? வாக்குச்சீட்டு அவனுக்கு அப்பொழுது இல்லை. படச்சீட்டு இருந்தது.

நிற்க. அதே 1975ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15இல் சென்னையிலே தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. இலங்கையில் அப்பொழுது தொலைக்காட்சியே இல்லை. 1979 ஏப்ரிலில் சுயாதீனத் தொலைக்காட்சி சிறிய அளவில் ஆரம்பமாயிற்று. 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15இல், ஜப்பான் நாட்டின் நன்கொடையால் அமைந்த ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் பிரதான ஒளிபரப்புக் கோபுரம் எங்கே நிற்கிறது? நுவரெலியாவின் தலைமேல், 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகாலை மலையில். நாடு முழுவதற்கும் படம் அனுப்பும் கோபுரம் தேயிலை மலைகளின் நடுவே எழுந்தது. அதன் அடிவாரத்து லயங்களிலோ பல ஆண்டுகள் மின்சாரமே இல்லை. மோட்டார் வண்டியின் பற்றரியைச் சந்தைக்குக் கொண்டுசென்று மின்னூட்டி வந்து, வெள்ளிக்கிழமைப் படம் முடியுமுன் அது செத்துப்போகாதிருக்க வேண்டுமே என்று தெய்வத்தை வேண்டிய குடும்பங்களை நாம் அறிவோம். ஒரு பெட்டிக்கு முன்னால் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் கூடியிருப்பர்.

அப்பெட்டியில் அவர்கள் கண்டது யாரை? சிங்களக் கிராமத்து வாழ்க்கைக்கு ‘கோப்பி கடே’ என்னும் தொடர் 1987இல் தொடங்கிப் பல்லாண்டு ஓடியது. ஒரு சிறு தேநீர்க் கடை, அங்கு வந்துபோகும் ஊரார், அவர்தம் வம்பும் வழக்கும்: அவ்வளவே அதன் முதல். நாட்டின் தேநீர் முழுவதையும் விளைவித்த மக்களின் லயத்திற்கு அத்தகைய நீண்டதொரு நாடகம் வாய்க்கவில்லை. தமிழ் ஒளிபரப்புக்கு ஒதுக்கப்பட்ட நேரம் குறைவு; செலவுக்குப் பணம் தரும் விளம்பரதாரர் குறைவு; படப்பிடிப்புக் குழுவை மலைக்குக் கொண்டுவருதல் பெருஞ்செலவு. 1998இல் சக்தி தொலைக்காட்சியும் 2009இல் வசந்தம் தொலைக்காட்சியும் வந்தபின் தமிழுக்கு நேரம் பெருகியது உண்மையே. ஆனால் அதற்குள் லயத்துக் கூரைகளின்மேல் செய்மதித் தட்டுகள் முளைத்துவிட்டன. சென்னைத் தொடர்கள் வந்திறங்கின. அவற்றில் மாமியாரும் மருமகளும் அகன்ற மண்டபங்களில் நின்று சண்டையிடுகின்றனர். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவிலிருந்து நம்மவர் அதனைப் பார்க்கின்றனர். அத்தொடர்களை எழுதுவோரைக் குறைகூறுவதற்கில்லை. வாரம் ஐந்து நாள், ஆண்டு முழுவதும், ஒவ்வொரு நாளும் முடியும்போது மறுநாட்கு ஓர் ஏக்கத்தை விட்டுவைத்து எழுதுதல் எளிய வேலையன்று. அவர்கள் தம் அயலாரைப் பற்றி எழுதுகின்றனர். நம்மைப் பற்றி எழுதவேண்டியோர் நாமேயல்லவா?

ஜோசப்பின் ‘மீன்கள்’ என்னும் சிறுகதையை அறிந்தோர் இதன் பொருளை நன்கு உணர்வர். ஒற்றைக் காம்பராவிலே பெற்றோரும் வயதுவந்த மக்களும் ஒருங்கே படுத்துறங்க நேர்வதன் கொடுமையை அக்கதை கூசாது எடுத்துரைக்கிறது. அறிக்கைகளிலே ‘வீட்டு நெருக்கடி’ என்று இரு சொல்லில் எழுதப்படும் ஒன்று, அங்கே ஒரு தகப்பனின் தலைகுனிவாகிறது. கண்ணாற் காணத்தக்க வண்ணம் எழுதும் ஆற்றல் அவரிடம் படத்திற்கு முன்பே இருந்தது. அவர் கதைகளைத் திரைக்கு மாற்ற விரும்புவோன் அதிகம் உழைக்க வேண்டியதில்லை. இக்கதை இடம்பெற்ற ‘நாமிருக்கும் நாடே’ தொகுப்பு 1979இல் வெளிவந்து சாகித்திய விருதும் பெற்றது.

அவர் முழுநேரத் திரையெழுத்தாளராக வாழவில்லை. இந்நாட்டில் தமிழில் அவ்வாறு வாழ எவராலும் இயன்றதில்லை எனலாம். தோட்டத்தை விட்டுத் தலைநகர்ப் பக்கம் வந்தபின் தனியார் நிறுவனமொன்றிலே கணக்கெழுதிக் குடும்பத்தைக் காத்தார், வத்தளையிலே குடியிருந்தார். பகலில் வரவு செலவு, இரவில் கதை. இதனால் அவர் எழுதியவை எண்ணிக்கையிற் குறைந்திருக்கலாம். எழுதியவற்றிலே கணக்கரின் சிக்கனம் இருந்தது.

வத்தளைக்கு அருகிலுள்ள ஹெந்தளையிலேதான் விஜயா ஸ்ரூடியோ இருந்தது. 1983 ஜூலை வன்செயலில் அது தீக்கிரையாயிற்று. பல ஆண்டுகள் பலர் பாடுபட்டு எடுத்த படங்களின் மூலச் சுருள்கள் அங்கே எரிந்தன. சிங்களப் படங்களும் தமிழ்ப் படங்களும் ஒரே நெருப்பில் அழிந்தன. தீ மொழி பார்ப்பதில்லை. அச்சான கதை எங்கோ ஒரு வீட்டுப் பெட்டியிலாவது தப்பிக் கிடக்கும். திரைக்கு எழுதியது சுருளோடு போய்விடும். இதனைக் கண்முன் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர் ஜோசப். அவ்வாண்டுகளின் அச்சத்தையும் கைதையும் காவலையும் பொருளாகக் கொண்டு அவர் எழுதிய ‘குடை நிழல்’ 2010இல் நூலாயிற்று.

அழிவதைக் காக்கவேண்டும் என்னும் எண்ணமே அவருடைய பிற்கால உழைப்பை நடாத்தியது போலும். துரைவி பதிப்பகத்தின் வாயிலாக 1997இல் ‘மலையகச் சிறுகதைகள்’, ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ என்னும் இரு பெருந்தொகுப்புகளைத் தொகுத்தளித்தார். பழைய இதழ்களைத் தேடி, மறந்துபோன எழுத்தாளரின் கதைகளை எடுத்து அச்சேற்றினார். 2000இல் ‘மலையகச் சிறுகதை வரலாறு’ என்னும் ஆய்வு நூலை எழுதினார். தம் படைப்பை எழுதவேண்டிய நேரத்தைப் பிறர் படைப்பைத் தேடுவதிற் செலவிட்டார் என்று வருந்துவோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. அவர் தேடாதிருந்தால் அக்கதைகளுட் பல இன்று நம் கைக்கு எட்டியிரா.

2013ஆம் ஆண்டு டிசம்பரிலே கோயம்புத்தூரில் விஷ்ணுபுரம் இலக்கிய விருது அவருக்கு வழங்கப்பட்டது. அதனை ஒட்டி அவர் நூல்கள் தமிழ்நாட்டு வாசகரிடையேயும் பரவின. மாணவனாகக் கும்பகோணம் சென்ற தோட்டப் பிள்ளை, எண்பதை எட்டும் வயதில் மலையக எழுத்தின் மூத்தவராக அந்நாட்டு மேடையில் அமர்ந்தார். 2022ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 21ஆந் திகதி, தம் 88ஆம் வயதில் காலமானார்.

அவருடைய சிறுகதைகளும் நாவலும் ஆய்வு நூலும் நூலகங்களிற் படிக்கக் கிடைக்கின்றன. நம் கல்லூரி மாணவருட் சிலர் இப்பொழுது கைப்பேசியிலேயே குறும்படம் எடுக்கின்றனர், சிலவற்றைக் கண்டேன். ஒளி நன்று, இசை நன்று. ஆயின் பாத்திரங்கள் சென்னைத் தமிழ் பேசுகின்றன. அவர்கள் ஒருநாள் மாலை கொழுந்து நிறுக்குமிடத்தில் ஒரு மணி நேரம் குறிப்பேட்டுடன் நின்று, காதில் விழுவதை விழுந்தபடியே எழுதிக்கொண்டு வரட்டும். அதன்பின் ‘மீன்கள்’ கதையை எடுத்து, ஆசிரியர் கூற்று ஒன்றுமின்றி, இடமும் பொழுதும் செய்கையும் பேச்சும் மட்டுமாகப் பத்துக் காட்சிகளாய்ப் பிரித்து எழுதிப் பார்க்கட்டும். இரண்டாங் காட்சியிலேயே இத்தொழிலின் கடினம் விளங்கிவிடும்.